ஞாயிறு அன்பியம்: பால் டில்லிக்

சித்தி: ஞாயித்துக்கிழமை அன்பியத்துல, அதான் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்க கூடுற கூட்டத்துல, கிறிஸ்தவ இறையியலாளர் டில்லிக் பத்திப் பேசுறதா முடிவு. ஒரு மணி நேரந்தான். 1886ல ஜெர்மனியில பொறந்ததுல இருந்து வரிசையாச் சொல்லவா?

டீச்சர் அக்கா: வேணாம் சித்தி, 1914ல ஆரம்பிங்க. லுத்தரன் போதகர் மகன், அவரும் போதகர். முதல் உலகப் போர் முடியுற வரைக்கும் ராணுவத்துல ஆன்ம குரு. செத்தவங்கள அடக்கம் பண்ணிப் பண்ணியே, எல்லாம் நல்லதாத்தான் முடியும்ங்கற பழைய நம்பிக்கை அவருக்கு நொறுங்கிப்போச்சு. 1924-25ல மார்பர்க்ல பாடம் நடத்துறப்ப தத்துவவாதி ஹைடெக்கரும் அங்கதான்.

தம்பி: இருத்தலியம், அதாவது மனுஷன் இருக்குறதோட அர்த்தத்தக் கேக்குற தத்துவம், அங்கதான் தொத்துச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்தச் சிந்தனைக்கு முன்னோடியான ஜெர்மன் தத்துவவாதி ஷெல்லிங் பத்தி 1910லயும் 1912லயுமே ஆய்வேடு எழுதிட்டார்.

உபதேசியார் மாமா: வாழ்க்கைக்குப் பத்து நிமிஷம் போதும்மா. 1933ல நாஜி அரசு வேலையப் பறிச்சது, 47 வயசுல நியூயார்க் போனது, 1965ல இறந்தது. மீதி அவரோட முறைக்கு. மனுஷ நிலைமையில இருந்து கேள்வி, இறைவெளிப்பாட்டுல இருந்து பதில், ரெண்டையும் பொருத்தணும். அவர் எழுதுன 'முறைசார் இறையியல்' புத்தகம் மூணு தொகுதியும் (1951, 1957, 1963) இந்த அமைப்புதான். கேள்விக்குள்ள இருந்தே பதில எடுக்கப் பாக்குறதுலதான் தப்பு நடக்கும். அப்புறம் கிறிஸ்துவுக்கு என்ன வேலை? கேள்வி பதிலோட வடிவத்தத்தான் தீர்மானிக்கும், உள்ளடக்கத்த இல்ல.

சித்தி: பயம் வேற, மனக்கலக்கம் வேறன்னு டில்லிக் சொல்றாரே, ரெண்டையும் எப்படிப் பிரிச்சுக் காட்ட?

டீச்சர் அக்கா: பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா வர்றது பயம். எதுக்குப் பயம்னு தெரியும், படகக் கட்டிப்போடலாம். மனக்கலக்கத்துக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. 1952ல வந்த 'இருப்பதற்கான துணிவு' புத்தகத்துல மூணு வகை சொல்றார்: விதியும் சாவும், குற்றமும் தண்டனையும், வெறுமையும் அர்த்தமின்மையும். எது எதுன்னு பிரிக்காமப் பேசுனா மருந்து மாறிப்போகும். வாழ்க்கையில அர்த்தமே தெரியலன்னு நிக்கிறவங்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுன்னா, அவன் கேட்டது ஒண்ணு, நாம குடுத்தது ஒண்ணு.

தம்பி: "கடவுள் இருக்கிறார்னு சொல்றதே தப்பு"ங்கறாரே, நாத்திகமான்னு யாராவது கேப்பாங்க.

உபதேசியார் மாமா: இருக்குற பொருள்கள்ல இன்னொண்ணு இல்ல, இருத்தலே கடவுள்தான்ங்கறார். இடைக்கால இறையியலாளர் புனித தாமஸ் அக்வினாசும் கிட்டத்தட்ட அதத்தான் சொன்னார். அப்ப யார்கிட்ட ஜெபிக்கிறதுன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. கடவுள் பேசிப் பழகுற ஒரு ஆளவிடக் குறைஞ்சவர் இல்லன்னு டில்லிக் சொல்றார்தான், ஆனா அப்பான்னு கூப்பிடுற ஜெபத்துக்கு அது பத்தாது. என் கணக்குல அவரோட பலவீனமான இடம் அதுதான். மறைக்காமச் சொல்லுங்க.

சித்தி: வாசகம்?

டீச்சர் அக்கா: உரோமையர் 5:20, பாவம் பெருகுன இடத்துல அருள் அதவிடப் பெருகுச்சுங்கற வசனம். டில்லிக்கோட 1948 மறையுரைத் தொகுப்புல இருக்குற 'நீ ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறாய்' மறையுரைக்கு அடிப்படை அந்த வசனந்தான். அத முதல்ல வாசிச்சிட்டு, அப்புறம் 1914க்குப் போங்க சித்தி.