கன்சோல் வெளியீட்டு வைரல் விளம்பரங்கள்: முகத்தை எதுவரை மறைக்கலாம்?

கேள்வி (பிக்சல் பித்தன்)

வணக்கம். புதிய கன்சோல்களுக்காக (வீடியோ கேம் கருவிகளுக்காக) நடத்தப்படும் வைரல் விளம்பரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சில விளம்பரங்களை ரசிகர்கள் இருபது ஆண்டுகள் கழித்தும் அன்போடு நினைவுகூர்கிறார்கள். வேறு சில, நடத்திய நிறுவனமே தவறை ஒப்புக்கொள்ளும் நிலையில் முடிந்திருக்கின்றன. இரண்டிலும் விளம்பரதாரர் தம் முகத்தை மறைத்துக்கொண்டுதான் தொடங்கினார் என்னும்போது, வேறுபாடு எங்கிருந்து வருகிறது? விற்பனையில் இவற்றுக்கு உண்மையாகவே பங்கு உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (பழைய ஜாய்ஸ்டிக்)

2006 டிசம்பரை மட்டும் எடுத்துப் பாருங்கள். சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பி.எஸ்.பி. வெளியாகி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அதைக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பெற ஏங்கும் இளைஞர்கள் எழுதுவதைப் போன்ற ஒரு வலைப்பதிவு அப்போது தோன்றியது. வீட்டில் எடுத்ததைப் போன்ற ராப் காணொளி ஒன்றும் அதில் இருந்தது. நடை செயற்கையாக இருப்பதாக ஐயப்பட்ட வாசகர்கள், அந்தத் தளத்தின் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஜிபடோனி என்ற விளம்பர நிறுவனத்தின் பெயர் அங்கேயே இருந்தது. விரைவிலேயே சோனி உண்மையை ஒப்புக்கொண்டது.

அதே நாட்களில், புதிதாக வந்திருந்த நின்டெண்டோ வீ கருவியை வாங்கியவர்கள், ஆட்ட வேகத்தில் மணிக்கட்டுப் பட்டை அறுந்து, கையில் பிடித்து வீசி ஆடும் ரிமோட் பறந்துபோய்த் தொலைக்காட்சித் திரையை உடைத்த படங்களைத் தாமாகவே இணையத்தில் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நின்டெண்டோ ஏறத்தாழ 32 லட்சம் பட்டைகளை மாற்றித் தர முன்வந்தது. அது குறைபாட்டைப் பற்றிய செய்திதான். ஆனாலும் பெரியவர்களைக்கூட இப்படி மெய்மறந்து ஆட வைக்கும் கருவி எது என்ற ஆவலை அந்தப் படங்கள் தூண்டியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ரசிகரின் குரலில் பொய்யாகப் பேசினால் அது எப்படிக் கசக்கிறது, அவரே பேசினால் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை ஒரே மாதத்தில் இரண்டு நிறுவனங்களிடம் காணலாம்.

மறுமொழி (தேனடை)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மறைப்பையே குற்றமாகக் கொள்ள வேண்டாம். 2004இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான ஹேலோ 2 விளையாட்டின் ட்ரெய்லர் முடிவில் ஓர் இணைய முகவரி கணநேரம் மின்னியது. அது தேனீ வளர்ப்பவர் ஒருவரின் தளம் போலவும், வேறு ஏதோ ஒன்று அதற்குள் புகுந்து சிதைத்துவிட்டது போலவும் அமைக்கப்பட்டிருந்தது. அங்கே தரப்பட்ட ஜி.பி.எஸ். குறியீடுகளையும் நேரங்களையும் ரசிகர்கள் கூடிப் பேசி விடுவித்தார்கள். குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்குச் சென்று நின்றபோது, தெருவோரப் பொதுத் தொலைபேசி உண்மையாகவே ஒலித்தது. வேறோர் ஊரில் வேறொருவர் இன்னொரு தொலைபேசியை எடுத்தார். இங்கும் முகமூடி உண்டு. ஆனால் அது நாடகம் என்பது பார்வையாளருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு எக்ஸ்பாக்ஸ் 360 அறிமுகத்துக்கு முன் வந்த அவர்காலனி (OurColony) தளமும் இவ்வழியையே பின்பற்றி, புதிர்களை விடுவித்தவர்களுக்குக் கன்சோலின் தோற்றத்தைச் சிறுகச் சிறுகக் காட்டியது.

மறுமொழி (சேமிப்புக் கோப்பு)

விற்பனை பற்றிய கேள்விக்கு வருகிறேன். சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கன்சோல் 1999 செப்டம்பர் 9 அன்று, 9/9/99 என்ற மறக்க முடியாத தேதியில், அமெரிக்காவில் வெளியாகி முதல் நாளிலேயே 2,25,132 கருவிகள் விற்றது. ஆயினும் 2001 ஜனவரியிலேயே அதன் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. முதல் நாள் வரிசையை விளம்பரம் திரட்டித் தரலாம். இரண்டாம் ஆண்டை அதனால் தர இயலாது.

விளம்பரம் சொல்லும் செய்தியைக் கருவியே மெய்ப்பிக்கும்போது நிலைமை வேறு. 2013 ஜூனில், பயன்படுத்திய விளையாட்டுகளுக்குக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பு என்று மைக்ரோசாஃப்டின் புதிய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் விதித்த நிபந்தனைகளால் ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அப்போது சோனி ஏறத்தாழ 20 விநாடி நீளமே உள்ள ஒரு காணொளியை வெளியிட்டது. தன் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கான விளையாட்டை நண்பரோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்று அது கற்றுத் தந்தது: ஒருவர் விளையாட்டுப் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், அவ்வளவே. நடித்தவர்களும் அந்நிறுவனத்தின் அதிகாரிகளே. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அந்த நிபந்தனைகளைக் கைவிட்டது. அதற்கு முதற்காரணம் ரசிகர்களின் எதிர்ப்பே என்றாலும், அந்த எதிர்ப்புக்கு ஒரு வடிவம் தந்தது இந்தக் காணொளி.

கேட்டவரின் மறுமொழி (பிக்சல் பித்தன்)

மிக்க நன்றி. மறைத்தவர் யார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய பெயரில் பேசினார் என்பதைப் பார்க்கவில்லை. கட்டுரையை 2006 டிசம்பரிலிருந்தே தொடங்கப்போகிறேன்.