ஞாயிறு முழுக்க விருந்துக்கே போய்விடுகிறது

வைகைக்கரை:
வைகாசியில் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். அவருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அன்றைக்கும் சித்தப்பா வீடு, பெரியத்தை வீடு என்று விருந்து. குறை சொல்லவில்லை, கோலா உருண்டையெல்லாம் செய்து நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். ஆனால் நாங்கள் தனியாகப் பேசுவது பைக்கில்தான்; ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்காது. ஆடி பிறந்தால் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் அரை நாள் எங்கே போகலாம்? மால் வேண்டாம், சத்தத்தில் எனக்குத் தலை வலிக்கும்.

மேலமாசிக்காரன்:
கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கம்மா. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். படியேறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறை நெடுக சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு. விடிந்ததும் ஏறிவிடுங்கள், வெயில் வந்தால் பாறை சுடும்.

மேலூர் மருமகள்:
என் ஓட்டு மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டிக்கு. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகச் சொல்லும் லகுலீசர் சிற்பம் உண்டு. தண்ணீர், தின்பண்டம் கையோடு கொண்டுபோங்கள்.
அப்புறம் தங்கச்சி, விருந்தை ராத்திரிக்கு மாற்றச் சொல்லி உங்கள் வீட்டுக்காரரே போன் பண்ணட்டும். நீங்கள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

வைகைக்கரை:
அவரே பேசிவிட்டார், அத்தை சரி என்றுவிட்டார்கள். அண்ணா, அந்தப் படி ரொம்பச் செங்குத்தா? மாமியாரும் வருகிறேன் என்கிறார்!