புளோரன்ஸ் சான் லோரென்ஸோ தேவாலயத்துக்கு ஒரு காலை போதுமா?

கேள்வி:
அடுத்த மாதம் புளோரன்ஸில் தங்கும் இரண்டு நாட்களில் ஒரு காலைப் பொழுதைச் சான் லோரென்ஸோ தேவாலயத்துக்கு ஒதுக்க எண்ணியிருக்கிறேன். ஆனால் படங்களில் அதன் முகப்பு, பாதியில் வேலை நின்றுபோன வீட்டுச் சுவரைப் போலத் தெரிகிறது. உள்ளே பார்க்க என்ன இருக்கிறது? மைக்கலாஞ்சலோவின் சிற்பங்களை அதே நுழைவுச்சீட்டில் பார்த்துவிட முடியுமா?

மறுமொழி 1:
வேலை நின்றுபோனது உண்மைதான். புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தவரான போப் பத்தாம் லியோ பளிங்கு முகப்பு அமைக்கும் பணியை மைக்கலாஞ்சலோவிடம் ஒப்படைத்தார். அவர் மலைகளில் பளிங்கு வெட்டி இறக்குவதிலேயே ஆண்டுகளைக் கழித்தபின், 1520இல் ஒப்பந்தம் ரத்தாகி, சுவர் வெறும் கரட்டுக் கல்லாகவே நின்றுவிட்டது. அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி வகுத்த நடுக்கூடத்தில், வெள்ளைச் சுவர்களின் பின்னணியில் சாம்பல்நிறக் கல் தூண்களும் அரைவட்ட வளைவுகளும் பலிபீடம் வரை ஒரே அளவில் வரிசையாகச் செல்வதை வாசலருகே நின்று பாருங்கள். இடப்புறச் சிறுகோயில் ஒன்றில் ஓவியர் பிலிப்போ லிப்பியின் மங்கள வார்த்தை ஓவியம், அதாவது இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாவுக்கு அறிவிக்கும் காட்சி, இருக்கிறது. அதன் முன்விளிம்பில் தண்ணீர் நிரம்பிய சிறு கண்ணாடிக் குடுவை ஒன்று தீட்டப்பட்டிருக்கும். வானதூதரைவிட அதன்முன்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

மறுமொழி 2:
சீட்டு விஷயத்தில் கவனம் தேவை. மைக்கலாஞ்சலோவின் பகல், இரவு, விடியல், அந்தி ஆகிய நான்கு சிலைகளும் உள்ள புதிய திருப்பொருளறை (திருப்பொருளறை என்பது வழிபாட்டுப் பொருள்களும் உடைகளும் வைக்கும் அறை), தேவாலயத்தின் பின்புறம் மெடிச்சி சிற்றாலயங்கள் என்ற தனி அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. அதற்கு வாசலும் வேறு, சீட்டும் வேறு. இதை அறியாமல் முன்வாசலில் சீட்டு வாங்கி, சிலைகளைத் தேடி ஒரு மணி நேரம் உள்ளேயே சுற்றியவன் நான். முதலில் தேவாலயத்துக்குள் இருக்கும் பழைய திருப்பொருளறையைப் பார்த்துவிட்டுப் பின்புறம் செல்லுங்கள். புருனெல்லெஸ்கியின் அதே சதுர அமைப்பையும் சாம்பல், வெள்ளை நிறங்களையும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் மைக்கலாஞ்சலோ எப்படி இறுக்கமும் கனமும் கொண்டதாக மாற்றினார் என்பது அப்போதுதான் புலப்படும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இரண்டு சீட்டுகளையும் வாங்கிவிடுகிறேன். உடை விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா?

மறுமொழி 1:
வழிபாடு நடக்கும் இடம் என்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோடையானால் ஒரு மெல்லிய துப்பட்டா கையோடு இருக்கட்டும். பலிபீடத்துக்கு முன் தரையில் பதித்த வட்டக் கல்லையும் தவறவிடாதீர்கள். அதன் நேர்கீழே, நிலவறைத் தூணுக்குள்தான் மெடிச்சி குடும்ப ஆட்சிக்கு அடித்தளமிட்ட மூத்த கோசிமோ மெடிச்சி புதைக்கப்பட்டிருக்கிறார்.