எம்டன் குண்டு விழுந்த இடத்தை எங்கே பார்க்கலாம்?

ராயபுரத்துக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். கோவையிலிருந்து என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். கணினி விளையாட்டில் நாள் முழுதும் போர்க்களத்திலேயே குடியிருக்கும் அவன், "உங்கள் ஊரில் போர் நடந்த இடம் ஒன்றுமில்லையா, மாமா?" என்று கேட்டபோதுதான், எங்கள் பாட்டி யாரையாவது "சரியான எம்டன்" என்று திட்டுவது நினைவுக்கு வந்தது. முதல் உலகப் போரில் சென்னையைச் சுட்ட அந்த எம்டன் கப்பல் தாக்கிய இடத்தையும், போர் தொடர்பான மற்ற இடங்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? சாவு நடந்த இடத்தை வேடிக்கை பார்க்கப் போவதா என்று அம்மா முகம் சுளிக்கிறார். அதற்கும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மண்ணடி வாசகர்:
எம்டனிலிருந்தே தொடங்குங்கள். கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சுமார் 125 குண்டுகளைச் சுட்டதில், துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் தீப்பற்றின. அங்கே நின்றிருந்த ஒரு கப்பலிலும் குண்டு பட்டு உயிர்கள் போயின. பட்டணமே அஞ்சி நடுங்க, கப்பலோ வந்த வேகத்தில் இருளில் மறைந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்றிடம் சிக்கித்தான் அழிந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மூன்று முறை அதைத் தாண்டிப் போய்விட்டு, நான்காவது முறைதான் நான் கண்டேன். ராயபுரத்திலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் ஒரே நிறுத்தம். அங்கிருந்து ராஜாஜி சாலையில் நடந்துவிடலாம்.

அப்படியே புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகமும் அங்கேயே இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்து மூன்றாண்டுகள் வைத்திருந்த கோட்டை அது. 1758 டிசம்பர் முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டும் விழவில்லை. உள்ளே வாள்களையும் துப்பாக்கிகளையும் விட நான் நின்று பார்ப்பது ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைத்தான். திப்பு சுல்தானின் இரு பிள்ளைகள் பணயமாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. வென்றவர் தம் பெருமைக்காகச் செய்த சிலை, ஆனால் கண் போவது அந்தச் சிறுவர்களிடம்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
மண்ணடி நண்பர் நம் பகுதியை விட்டுவிட்டாரே! பழைய ஜெயில் சாலையில் உள்ள மாடிப்பூங்கா, பட்டணத்தைச் சுற்றி எழுந்த மதிலின் மிச்சம். 1769-ல் ஹைதர் அலி நகரின் வாசல்வரை வந்து உடன்படிக்கை எழுத வைத்த காலத்து அச்சத்தில் பிறந்த மதில் அது. அதற்காக விதிக்க நினைத்த வரியின் பெயரைத்தான் வால்டாக்ஸ் சாலை இன்றும் சுமக்கிறது, வரி வசூலாகாவிட்டாலும்.

உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும், நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, 856 இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளுக்கிடையே நடந்து சில கற்களில் வயதைப் படித்த பிறகு, தற்படம் எடுக்க யாருக்கும் கை எழவில்லை. அது நகரின் மறுகோடி. தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்துக்காரன்:
இருவருக்கும் நன்றி. ஞாயிறன்று போய்வந்தோம். கல்வெட்டை முதலில் கண்டுபிடித்தவன் பையன்தான். சுவரையொட்டி நின்ற இருசக்கர வண்டிகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசித்தான். பீடத்தின் முன்னால் அம்மாவே அதிக நேரம் நின்றார். "பெற்றவள் எங்கே நின்றிருப்பாள்?" என்று மட்டும் கேட்டார். நந்தம்பாக்கத்துக்குத் தானும் வருவதாக இப்போது சொல்லியிருக்கிறார்.