கோடியக்கரைக்கு எந்த டெலி லென்ஸ்?

கேள்வி: கோடியக்கரையில் பூநாரைகளைப் படமெடுக்க, நாள் முழுதும் சுமந்து நடக்கக்கூடிய லென்ஸ் தேடுகிறேன். கேமரா நிக்கான் டி500. கழுத்துவலி உள்ள நான் நிக்கானின் 200-500 மி.மீ. ஜூம் லென்ஸை வாங்கலாமா?

மறுமொழி 1: அது ஏறத்தாழ 2.3 கிலோ எடையுள்ளது. ஒளி புக அதே எஃப்/5.6 துளையுடைய, ஜூம் இல்லாத நிக்கான் 500 மி.மீ. பிஎஃப் லென்ஸோ, மெல்லிய வளையங்கள் கொண்ட ஃபிரெனெல் வகைக் கண்ணாடியைப் பயன்படுத்துவதால், 1.46 கிலோதான். விலை மிக அதிகம். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

மறுமொழி 2: எதை வாங்கினாலும் கேமராவின் வாரில் தொங்கவிடாதீர்கள், லென்ஸின் எடை முழுவதும் மவுண்ட்டை, அதாவது லென்ஸ் கேமராவில் பொருந்தும் இடத்தை, இழுக்கும். லென்ஸின் முக்காலிப் பாதத்தில் வாரைப் பூட்டி, மார்புக்குக் குறுக்காக அணிந்தால் கழுத்துக்குச் சுமை இராது. நெடுந்தூரம் நடக்க இடுப்புப் பட்டையுள்ள முதுகுப்பை மேலானது, பறவைகள் எழும்பும் நேரத்தில் லென்ஸ் பைக்குள் இருக்கும் என்றாலும்.

கேட்டவர்: கூட்டம் அருகில் வந்தால் ஜூம் இல்லாதது இடிக்குமே?

மறுமொழி 1: இடிக்கும்தான். ஆயினும் சதுப்பில் பூநாரைகள் பெரும்பாலும் தொலைவிலேயே மேயும்.