பழைய கம்ப்யூட்டருக்குச் சத்தமில்லாத சிபியு கூலர்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தருமபுரி, பென்னாகரம் ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். தெருக்கூத்து வீடியோ எடிட்டிங் செய்கிறேன். விடிய விடிய நடக்கும் கூத்தைச் சுருக்கி, கதை விட்டுப்போகாமல் இருக்க நடுநடுவே என் குரலில் விளக்கம் சேர்ப்பேன். மெஷின் இன்டெல் ஐ5-3470. 2012-ல் வந்த சிப் (சிபியு). எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்ட பிறகு இன்றைக்கும் என் வேலைக்குத் தாராளமாகப் போதும். அதைத் தூக்கிப்போட்டு ஐம்பதாயிரத்துக்குப் புதுசு வாங்க மனம் வரவில்லை.

தொல்லையெல்லாம் சிப்போடு வந்த கூலரில்தான், அதாவது சிப்பின் சூட்டை இறக்கும் உலோகத் துடுப்புகளும் ஃபேனும் சேர்ந்த அமைப்பில். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டதும் இரைய ஆரம்பித்துவிடும். கூத்துக் களத்தில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டால் யாரும் குறை சொல்வதில்லை. என் விளக்கத்துக்குப் பின்னால் ஃபேன் இரைந்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தால் இரைச்சலோடு சேர்ந்து குரலின் உயிரும் போய்விடுகிறது.

கூலர் வாங்கும் முன் எந்த ஃபேன் கத்துகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிபியு ஃபேனின் நடுக் குமிழில் விரல் வைத்து ஓரிரு நொடி நிறுத்தினால் போதும். சத்தம் அப்படியே இருந்தால் குற்றவாளி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) ஃபேனோ கிராபிக்ஸ் கார்டோதான். எனக்குச் சிபியு ஃபேனை நிறுத்தியதும் அறையே அடங்கிவிட்டது.

இந்தச் சிப்பின் வெப்பக் கணக்கு 77 வாட். பெரிய சூடு ஒன்றும் இல்லை. ஆனால் கூட வந்த கூலரில் துடுப்புகள் குட்டை, ஃபேனும் சின்னது. சின்ன ஃபேன் தேவையான காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியே ஆகவேண்டும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஆகவே பெரிய ஃபேன், மெதுவான சுற்று. 120 மிமீ ஃபேன் வைத்த, துடுப்புகள் கோபுரம்போல் உயர்ந்த டவர் கூலர் என்று முடிவெடுத்தேன். தண்ணீர்க் கூலர் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. 77 வாட்டுக்கு அது வீண் செலவு. அதோடு பம்ப் ஓடும் சத்தம் வேறு எப்போதும் இருக்கும்.

அடுத்தது உயரம். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, சிபியுவின் மேலிருந்து விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தேன். கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோ 159 மிமீ, டீப்கூல் ஏகே400 155, ஏஜி400 150. பழைய ஒல்லிக் கேபினெட்டில் அந்தச் சில மில்லிமீட்டர்தான் மூடி மூடுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. என் மூடியில் சிபியுவுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் புனல் வேறு இருந்தது. வெளிக்காற்று நேராகச் சிபியுவுக்குப் போகட்டும் என்று பென்டியம் 4 காலத்தில் கொண்டுவந்த அமைப்பு. டவருக்கு அது இடிக்கும் என்பதால் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

பெட்டியில் எல்ஜிஏ 1155 (என் சிப் உட்காரும் சாக்கெட்) போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏஜி400 வாங்கினேன். மதர்போர்டை வெளியே எடுத்துப் பின்பக்கத் தகடு வைத்துத்தான் மாட்ட வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் சிரமம். இப்போது மைக்கை மேசையின் மறுகோடியில் வைத்துக்கொண்டு, ரெண்டர் ஓடும்போதே பேசிப் பதிவு செய்கிறேன்.

காவேரிப்பட்டணம், சர்வீஸ் வேலை:

அண்ணா, உங்களுக்கு டவர் சரிதான். ஆனா என்கிட்ட "ஃபேன் கத்துது, புதுக் கூலர் போடுங்க"ன்னு வர்ற மெஷின்ல முக்கால்வாசிக்குக் கூலரே வேண்டாம். ஃபேனைக் கழட்டாம மேல இருந்து பார்த்தா சுத்தமாத்தான் தெரியும். நாலு கிளிப்பை விடுவிச்சு ஃபேனைத் தனியா எடுத்துப் பாருங்க, துடுப்பு மேல கம்பளித் துணி விரிச்ச மாதிரி தூசி படிஞ்சிருக்கும். காத்து உள்ளயே போகாது. சூடு ஏறுது, போர்டு ஃபேனை விரட்டுது, சத்தம் வருது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடுற இடத்து ஆபீஸ் மெஷின்னா வெள்ளைப் பொடி. ஈரம் பட்டுக் காஞ்சிருந்தா ப்ளோயருக்கு அசையாது, பிரஷ் போட்டுத்தான் எடுக்கணும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைப் பிடிச்சுக்கோங்க. விட்டா தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும், அப்புறம் அதுவே ஒரு சத்தம்.

இன்டெல் கூலரோட நாலு காலைப் பத்தியும் சொல்லணும். தலையில இருக்கிற அம்புக்குறிப் பக்கம் திருப்பினா விடுபடும். மாட்டுறதுக்கு முன்னாடி நாலையும் எதிர்ப்பக்கம் திருப்பி வெச்சுட்டு, எதிரெதிர் மூலையா அழுத்துங்க. ஒவ்வொண்ணும் டக்குன்னு விழணும். அப்புறம் போர்டோட பின்பக்கம் பாருங்க. வெள்ளைக் கால் ஓட்டை வழியா வந்து, அதுக்கு நடுவுல கறுப்பு ஊசி நுழைஞ்சு காலை விரிச்சிருக்கணும். ஒரு மூலை சரியா விழலேன்னாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும். சூடு தொண்ணூறைத் தாண்டும், மெஷின் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். வைரஸ்னு சொல்லி ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்ச மெஷின்லகூட இதைப் பார்த்திருக்கேன்.

சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் பழசானா கல்லா இறுகிக் கிடக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சுட்டு, நடுவுல ஒரு சொட்டு வெச்சா போதும். அழுத்தம் மீதியைப் பரப்பிடும்.

காசு கம்மியா செலவு பண்ணணும்னா ஒரு வழி இருக்கு. இன்டெல் கூலரே ரெண்டு விதமா வந்துச்சு, முழு அலுமினியம் ஒண்ணு, நடுவுல செம்பு வெச்சது இன்னொண்ணு. திருப்பிப் பார்த்தாலே செம்பு வட்டம் தெரியும். பழைய சாமான் விக்கிற இடத்துல செம்புக் கூலர் கிடைச்சா விடாதீங்க. ஆனா ஓட்டை அளவு பார்க்கணும். 775 சாக்கெட்டுக்கு 72 மிமீ, 1155, 1150, 1151 எல்லாத்துக்கும் 75 மிமீ. ஒண்ணோடது இன்னொண்ணுல உட்காராது.

அரூர்:

ஏஎம்டி சிப்புக்கான பழைய ஏஎம்3 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அதில் கூலர் கொக்கி போட்டு மாட்டுவது. போர்டைக் கழற்றவே வேண்டாம், அது வசதி. ஆனால் ஊசிகள் சிப்பில் இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால், சிப்பைப் பிடிக்கும் லிவர் பூட்டியிருந்தாலும் சிப்பும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும். ஊசி வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. கொஞ்ச நேரம் மெஷினை ஓடவிட்டு, அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போது கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்கும் வரை பொறுமையாகத் திருகிவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

ஓசூர்:

நான் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கம்பெனி மெஷின் வைத்திருக்கிறேன், ஒல்லி வகை. டவர் போட இடமே கிடையாது. ஃபேன் பிளக்கும் வழக்கமான நாலு பின் இல்லை, ஐந்து பின். வேறு ஃபேன் மாட்டினால் ஒவ்வொரு முறை போடும்போதும் ஃபேன் கோளாறு என்று எச்சரிக்கை காட்டி நிற்கும். இந்த மாதிரி மெஷினில் கூலர் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவது நல்லது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று. எந்தக் கூலரானாலும் அறைக்காற்றை விடச் சிபியுவைக் குளிர்விக்க முடியாது. அறை 10 டிகிரி ஏறினால் சிபியுவும் அதே அளவு ஏறும். மேட்டு நிலமான ஓசூரில் அமைதியாக ஓடுவது தருமபுரி ஏப்ரல் வெயிலில் இரையலாம். எங்கள் ஊர்க்காரர் சொன்னார் என்று அப்படியே வாங்கிவிடாதீர்கள்.

பாலக்கோடு:

கோர் 2 டுவோ, 775 சாக்கெட். பிள்ளைகளுக்குப் பாடம் டைப் அடிக்க மட்டும்தான். எனக்கும் டவர் வாங்கலாமா சார்?

தருமபுரி, பென்னாகரம் ரோடு:

வேண்டாம் சார். புது மாடல்கள் பலவற்றில் 775-க்கு மாட்டும் பட்டையே வருவதில்லை. டைப் அடிக்கும் வேலைக்குக் காவேரிப்பட்டணம் தம்பி சொன்ன சுத்தமும் பேஸ்ட்டும் போதும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) ஃபேன் கண்ட்ரோல் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அணைந்திருந்தால் சும்மா இருக்கும்போதுகூட முழு வேகத்தில் சுற்றும்.

ஐ5 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்தால் டர்போ (சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) நின்றுவிடும். என் சிப் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை தாவாமல் 3.2-க்குள் இருக்கும். ரெண்டர் சற்றுத் தாமதமாகும், சூடு நன்றாகவே குறையும். குரல் பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் இப்படி வைக்கிறேன்.

டவர் கூலர் அரைக் கிலோவுக்கு மேல் எடை. திருவிழா இடத்துக்கு மெஷினை பஸ்ஸிலோ வண்டியிலோ கொண்டுபோகிறவர்கள் போர்டு கீழே வருகிற மாதிரிப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.