உப்புக்கு அடியிலும் அடிப்பாறை ஓரத்திலும்: நில அதிர்வுப் படங்கள் தெளிவடைந்த விதம் பற்றிய அனுபவங்கள்

தொடங்கியவர்

நிலத்துக்குள் அலையை அனுப்பி, அது பாறையடுக்குகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்து பெறும் நில அதிர்வுத் தரவுகளைச் செயலாக்குவோரும் களத்தில் பதிவு செய்வோரும் ஒரு கேள்விக்குத் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். நிலத்தடியின் ஒரே பகுதி, புதிய செயலாக்கத்தில் முற்றிலும் வேறு படமாக மாறியதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மாறியதென்றால் எதனால் மாறியது? விளம்பரங்களில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரு படங்களை அருகருகே வைக்கிறார்கள். இடையில் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

ஹூஸ்டனில் தரவுச் செயலாக்கத்தில் இருப்பவர்

மெக்சிகோ வளைகுடாத் தரவுகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே ஜுராசிக் காலத்தில் படிந்த லூவான் உப்பு, மேலே குவிந்த வண்டலின் எடையால் பிதுங்கி மேலெழுந்து, பல இடங்களில் தன்னைவிட வயதில் இளைய படிவுகளின் மீது பரவிக் கிடக்கிறது. எண்ணெய் தேங்கிய மணற்பாறைகள் பெரும்பாலும் அதற்கு அடியில்தான் இருக்கின்றன. உப்பில் அலை நொடிக்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது; சுற்றியுள்ள படிவுகளில் வேகம் அதைவிட மிகக் குறைவு. 1,000 மீட்டர் தடிமனுள்ள உப்பை அலை கடந்து திரும்ப 444 மில்லிநொடி போதும். 2,500 மீட்டர் வேகமுடைய படிவு அதே தடிமனில் இருந்தால் 800 மில்லிநொடி ஆகும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் நேர அளவில் படம் வரைந்தால், உப்பின் கீழே தட்டையாகக் கிடக்கும் பாறை, ஏறத்தாழ 445 மீட்டர் உயரமுள்ள மேடாகத் தோன்றும். அந்த மேட்டை நம்பித் துளையிட்டால் மிஞ்சுவது செலவுக் கணக்குதான்.

ஆகவே கேள்விக்கு என் பதில் ஒற்றை வரி: மாறியது வேக மாதிரி, அதாவது நிலத்தடியில் எந்த இடத்தில் அலை என்ன வேகத்தில் செல்கிறது என்ற வரைபடம். மற்ற முன்னேற்றங்கள் எல்லாம் அந்த மாதிரியைச் சரியாக்கவோ, சரியான மாதிரியை முழுமையாகப் பயன்படுத்தவோ வந்தவை.

அந்த மாதிரியை உருவாக்கிய வழக்கமான முறையைக் கேட்டால் வெளியில் இருப்பவர்கள் வியப்படைவார்கள். முதலில் படிவுகளின் வேகத்தை மட்டும் வைத்து மைகிரேஷன் (பதிவான அலைகளை, அவை பட்டுத் திரும்பிய இடத்துக்கே கணக்கிட்டு நகர்த்துவது) செய்து, உப்பின் மேற்பரப்பைக் கையால் குறிப்போம். பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள அனைத்தையும் உப்பு என்று வைத்து, மாதிரியை உப்பு வேகத்தால் நிரப்பி, மறுபடியும் மைகிரேஷன் செய்து, இப்போது தெரியும் அடிப்பரப்பைக் குறிப்போம். அதற்குக் கீழே மீண்டும் படிவு வேகம். உப்பு வெளியே நீட்டிக்கொண்டு, அதன் கீழே படிவு நுழைந்திருக்கும் இடங்களில் இந்தச் சுற்று இருமுறை, மும்முறை நடக்கும். ஒரே அடிப்பரப்பை இரண்டு புவியியலாளர்கள் இரண்டு இடங்களில் வரைந்து, இரண்டுக்கும் கீழே நம்பத்தக்க படம் வந்ததும் உண்டு. மாதக்கணக்கில் எத்தனையோ பிராசசர்கள் உழைத்த கணினிக் கணக்கின் நடுவில், யாரோ ஒருவரின் சுட்டி வரைந்த கோடு உட்கார்ந்திருந்தது.

கதிர்களைக் கணக்கிடும் கிர்க்காஃப் முறை, மேடுபள்ளமான உப்பின் மேற்பரப்பைக் கடந்து பார்க்கும்போது, கோலம் போட்ட கண்ணாடி வழியே தெருவைப் பார்ப்பது போலத் தடுமாறியது. அலைச் சமன்பாட்டை இரு திசையிலும் தீர்க்கும் ரிவர்ஸ் டைம் மைகிரேஷன் 1983-லேயே வெளியிடப்பட்டுவிட்டது. ஆனால் முப்பரிமாணத்தில் அதை அன்றாட வேலையாக நடத்தும் கணினிகள் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதே காலத்தில் பதிவு முறையும் மாறியது. ஒரே கப்பல் ஒரே திசையில் ஸ்ட்ரீமர்களை (அலையைப் பதியும் கருவிகள் கோத்த நீண்ட வடங்கள்) இழுத்துச் சென்ற நிலை போய், அதே வளைகுடாவின் மேட் டாக் எண்ணெய் வயலில் 2004–05-இல் பல திசைக் கோணங்களிலிருந்து அலையைச் செலுத்திப் பார்க்கும் வைட் அஸிமுத் ஆய்வும், அட்லாண்டிஸ் வயலில் 2005–06-இல் கடலடியில் கருவிகளை ஊன்றிப் பதிவு செய்யும் முறையும் வந்தன. என் அனுபவத்தில், உப்பின் நிழலில் கிடந்த பாறைகள் திரையில் முதல்முறை தொடர்ச்சியாகத் தெரிந்தது புதிய அல்காரிதத்தால் மட்டும் அல்ல. இந்தக் கோணங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

கையால் வரையும் கோட்டை அகற்றத் தொடங்கியது எஃப்.டபிள்யூ.ஐ. எனப்படும் முழு அலைவடிவ மீட்பு முறை. டாரன்டோலா 1984-இல் அதன் அடிப்படையை எழுதினார். மாதிரியிலிருந்து அலையைக் கணித்து, பதிவான அலையோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் வரை மாதிரியைத் திருத்திக்கொண்டே போவதுதான் அது. ஒரே ஒரு நிபந்தனை கழுத்தைப் பிடிக்கும்: கணித்த அலை, பதிவான அலையிலிருந்து அரைச் சுழற்சிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. விலகினால் அது பக்கத்துச் சுழற்சியோடு பொருந்தி, தவறான மாதிரியை உறுதியோடு தந்துவிடும். 8 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி 62 மில்லிநொடி. 3 ஹெர்ட்ஸில் 167 மில்லிநொடி. குறைந்த அதிர்வெண்ணுக்காக நாங்கள் ஏங்கியதன் காரணம் இதுதான். 2017-இல் பி.பி. எண்ணெய் நிறுவனம், இம்முறையால் அட்லாண்டிஸில் 20 கோடி பீப்பாய்க்கு மேல் கூடுதல் வளம் கண்டறிந்ததாக அறிவித்த பிறகு, உப்பு விஷயத்தில் இது உதவாது என்று வாதிட்டவர்களின் குரல் இறங்கியது.

காவிரிப் படுகையில் தரை ஆய்வுக் குழுவில் இருந்தவர்

எங்கள் பக்கம் உப்புப் போர்வை இல்லை. வேறு தொல்லைகள் இருந்தன. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகுதான் லைன் (கருவிகளை வரிசையாக ஊன்றும் ஆய்வுக் கோடு) போட முடியும். துளையில் வெடிமருந்து இறக்கி, வரப்போரம் ஜியோஃபோன்களை (நில அதிர்வை உணரும் சிறு கருவிகள்) ஊன்றி, பதிவைக் கவனிக்கும் ஆப்சர்வர் வண்டியில் இரைச்சலைப் பார்ப்பார். திரையில் நான்கைந்து தடங்கள் மட்டும் கறுத்துத் தடித்திருந்தால், அருகில் பம்புசெட் ஓடுகிறது என்று பொருள். ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்வோம். மும்முனை மின்சாரம் வந்திருக்கும் சில மணி நேரத்தில் மோட்டாரை நிறுத்து என்றால் யார்தான் மகிழ்வார்கள்? பயிர் இழப்பீடு பற்றிய பேச்சை அங்கேயே, அந்த வரப்பிலேயே பேசி முடிக்க வேண்டும். வாய்க்கால், கோயில், குடியிருப்பு என்று வெடிக்காமல் விட்டுவிட்ட ஷாட்கள் படத்தின் மேற்பகுதியில் ஓட்டைகளாகவே நின்றன.

பின்னாளில் அதே வகைப் பழைய தரவை மறுசெயலாக்கம் செய்த படங்களை, கும்பகோணம்–மாதானம் அடிப்பாறை மேட்டின் ஓரத்தில் பார்த்தேன். முன்பு அந்தச் செங்குத்தான சரிவில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கிக் கலந்திருந்தன. மேலடுக்கு மண்ணின் வேகத்தை அப்ஹோல் அளவீடுகளோடு (ஆழமற்ற துளைகளில் அலை வேகத்தை நேரடியாக அளந்தவை) சேர்த்துத் திருத்தி, ஆழ அளவில் மைகிரேஷன் செய்த பிறகு, படிவுகள் பிளவுக்கோட்டில் வந்து வெட்டுண்டு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. மாதானத்தில் எண்ணெய் இருப்பது அடிப்பாறையின் வெடிப்புகளில் என்பதால், எந்தப் பிளவு எங்கே முடிகிறது என்பது அங்கே சிறிய செய்தி அல்ல.

2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பின் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களுக்கு இடமில்லை. அந்த வயல்களில் நடந்தவன் என்ற முறையில் அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் அதனால் பழைய பதிவு நாடாக்களே எஞ்சிய செல்வம் ஆகிவிட்டன. ஹூஸ்டன் நண்பரிடம் கேட்கிறேன்: அந்தத் தரவில் எஃப்.டபிள்யூ.ஐ. செல்லுபடியாகுமா?

சௌராஷ்டிரத்தில் பணியாற்றியவர்

தக்காணத்தின் பசால்ட் எனும் எரிமலைப் பாறைக்கு அடியில் உள்ள, அதைவிடப் பழைய மீசோசோயிக் காலப் படிவுகளைத் தேடியபோது எங்களுக்கும் வேகம்தான் எதிரி, ஆனால் இன்னொரு வகையில். பசால்ட் ஒரே பாளமாக இருப்பதில்லை. எரிமலைக் குழம்பு பாய்ந்த ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு, இடையிடையே மெலிந்த மண். அலையின் உயர் அதிர்வெண்கள் அதற்குள்ளேயே சிதறிப்போகும். கீழே சென்று திரும்புவது தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டுமே. கூர்மையான படம் வேண்டுமென்று அவற்றை வடிகட்டித் தள்ளிய பழைய செயலாக்கங்களில், இருந்த தகவலும் போயிற்று.

மீண்டும் ஹூஸ்டனிலிருந்து

டெல்டா நண்பருக்கு: அக்காலத் தரை ஆய்வுகளில் பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன்கள்தான். தன் இயல் அதிர்வெண்ணுக்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், அதன் உணர்திறன் 12 டெசிபல் குறையும்; ஆகவே 2.5 ஹெர்ட்ஸில் சைகை பதினாறில் ஒரு பங்காகிவிடும். வெடிமருந்து தாழ்ந்த அதிர்வெண்ணை நன்றாகவே தருவதால் முழுதும் இழந்ததாகக் கொள்ள வேண்டாம். நாடாவைத் திறக்கும் முன் ஆப்சர்வர் அறிக்கையைத் தேடி எடுங்கள். தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ-கட் வடிகட்டி எந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது என்று அதில் எழுதியிருக்கும். வடிகட்டி இல்லாமல் பதிவு செய்திருந்தால் கருவியின் சரிவை ஈடுகட்டி முயன்று பார்க்கலாம். 8 ஹெர்ட்ஸில் வெட்டியிருந்தால் எஃப்.டபிள்யூ.ஐ.-க்குப் பணம் செலவிட வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் அலை முதலில் வந்து சேர்ந்த நேரங்களிலிருந்து வேகத்தைக் கணிக்கும் டோமோகிராஃபி செய்து மேலடுக்கைச் சரிசெய்து, உங்கள் மேட்டின் ஓரத்துக்கு இன்னொரு சுற்று ஆழ மைகிரேஷன் செய்யச் சொல்லுங்கள்.